மின்னழுத்தம் கட்டும் கால்வாய்

நிலக்கடலை விதைக்கும் முன் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பச்சைப் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்வது நம் விவசாயிகளுக்குப் பழகிய வேலை. அதன் உறவுக்காரப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1967-இல் கிடைத்ததுதான் அலாமெத்திசின். 20 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட, சுருள் வடிவக் குட்டி மூலக்கூறு.

செல் சவ்வில் அது செய்யும் வேலையைப் பார்க்க, உப்புநீர் நிரம்பிய இரு அறைகளுக்கு நடுவே டெஃப்லான் தடுப்பு வைத்து, அதிலுள்ள ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளையில் தூரிகையால் கொழுப்புக் கரைசலைத் தடவுவார்கள். முதலில் சோப்புக் குமிழிபோல வானவில் நிறங்கள் ஓடும். படலம் மெலிய மெலிய நிறங்கள் மறைந்து, கடைசியில் கறுப்பாகிவிடும். அப்போது அதன் கனம் இரண்டே மூலக்கூறு அடுக்கு, சுமார் 5 நானோமீட்டர். செல்லின் சவ்வும் இதே கனம்தான்.

இந்தப் படலம் அயனிகளைக் கடக்க விடாது. ஒரு பக்கத்து உப்புநீரில் அலாமெத்திசினைக் கலந்தாலும், மின்னழுத்தம் இல்லாதவரை பெரிதாக எதுவும் நடக்காது. கலந்த பக்கம் நேர்மின்னாக இருக்கும்படி சில பத்து மில்லிவோல்ட் கொடுத்துப் பாருங்கள், மின்னோட்டம் பாய ஆரம்பிக்கும். அதற்குமேல் சுமார் 5 மில்லிவோல்ட் கூடினாலே மின்கடத்தல் இரண்டரை மடங்குக்கு மேல் எகிறும்.

இத்தனை சிறிய மின்னழுத்தத்துக்கு அவ்வளவு வலுவா? உதாரணமாக, 70 மில்லிவோல்ட்டை 5 நானோமீட்டரால் வகுத்தால் மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் மின்புலம் வருகிறது. காற்றில் தீப்பொறி பறக்க 30 லட்சமே போதும்!

சுருளின் ஒரு முனை நேர்மின் சாயல் கொண்டது. இந்த மின்புலம் அந்த முனையைச் சவ்வுக்குள் தள்ளுகிறது. உள்ளே நிமிர்ந்த சுருள்கள் பீப்பாய்ப் பலகைகள்போல வட்டமாகக் கூடுகின்றன. நடுவில் நீர் நிறைந்த வழி பிறக்கிறது. பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இதுதான். இதற்குச் சாட்சி மின்னோட்டத்தின் வரைபடத்திலேயே இருக்கிறது. மின்னோட்டம் வழுக்கி ஏறாமல் படிப்படியாகத் தாவுகிறது. ஒவ்வொரு தாவலும் பீப்பாயில் ஒரு பலகை சேர்ந்ததன் அல்லது விலகியதன் அடையாளம்.

நம் நரம்பின் சோடியம் கால்வாய் ஏற்கெனவே கட்டி முடித்த வாசல்; மின்னழுத்தம் கதவைத் திறக்கிறது, அவ்வளவே. இங்கோ வாசலையே அது கட்டுகிறது. இந்த வேறுபாடுதான் அலாமெத்திசினின் தனிச்சிறப்பு என்பேன்.

பிலடெல்பியாவில் பால் மியூலரும் டொனால்ட் ரூடினும் இதே படலத்தில் அலாமெத்திசினுடன் புரோட்டமின் என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். உயிரே இல்லாத அந்தக் கறுப்புப் படலம், நரம்பைப் போலவே மின்துடிப்புகளைக் காட்டியது. ஆண்டு 1968.