பட்டினி வயிறும் லிச்சிப் பழமும்



மே, ஜூன் மாதங்களில் வடநாட்டு லிச்சிப் பழம் நம் பக்கத்துப் பழக்கடைகளுக்கும் வருகிறது. சொரசொரப்பான சிவப்புத் தோல். உரித்தால் நுங்கு மாதிரி சதை. அது விளைகிற ஊரில் நடந்த ஒரு துயரத்தை இன்றைக்குச் சொல்கிறேன். நம்ம வீட்டுக்கும் அதில் பாடம் உண்டு.

ஒட்டன்சத்திரத்துக்கு முருங்கை எப்படியோ, பீகாரில் முசாபர்பூருக்கு லிச்சி அப்படி. 1995 முதல், அறுவடைக் காலத்தில், ராத்திரி நன்றாகப் படுத்த குழந்தைகளுக்கு விடியற்காலையில் வலிப்பு வந்து நினைவு தப்பியது. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றார்கள், வெயில் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். 2014-இல் மட்டும் இரண்டு ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த 390 குழந்தைகளில் 122 பேர் இறந்து போனார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் ஜேக்கப் ஜான் போன்றவர்கள், லிச்சியில் உள்ள இயற்கை விஷத்தைச் சந்தேகித்தார்கள். லிச்சியின் உறவுப் பழமான ஆக்கியைக் காயாகத் தின்று ஜமைக்கா நாட்டிலும் இப்படிச் சாவு நடந்ததுண்டு. 2017-இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்ட பிள்ளைகள் பலரும் லிச்சி தின்றவர்கள். ராத்திரிச் சாப்பாடு சாப்பிடாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பலருக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. சிறுநீரில் அந்த விஷத்தின் அடையாளமும் இருந்தது.

இனிப்பான பழம் சர்க்கரையை எப்படிக் குறைக்கும் என்று கேட்பீர்கள். நம்ம தோட்டத்தையே நினைத்துப் பாருங்கள். ஈரல் ஒரு தண்ணீர்த் தொட்டி. நாம் சாப்பிட்டதில் கொஞ்சம் சர்க்கரையை அது சேர்த்து வைத்து, தூங்கும்போது ரத்தத்துக்கு விடுகிறது. தொட்டி தீர்ந்தால் மோட்டார் போட வேண்டும். அதாவது, உடம்பு கொழுப்பை எரித்து, அந்தச் சக்தியில் புதுச் சர்க்கரை உண்டாக்கும். லிச்சி விஷம் கொழுப்பு எரிவதைத் தடுத்து, அந்த மோட்டாரையே நிறுத்திவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்ட பிள்ளைக்குத் தொட்டி விடியும்வரை தாங்கும். மெலிந்த பிள்ளை வெறும் வயிற்றோடு படுத்தால் நடுராத்திரியிலேயே காலி. மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் வலிப்பு வருகிறது. பழுக்காத காயிலும் கொட்டையிலும் இந்த விஷம் இருப்பதால் அவற்றைத் தொடவே கூடாது.

ஆகவே, குழந்தைக்குப் பழுத்த பழம் மட்டும், அதுவும் அளவோடு, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். காய் பறிப்பு முடிந்து நீங்கள் வீடு வர நேரமானாலும், பிள்ளை சாப்பிடாமல் தூங்கிவிட்டால் எழுப்பி ஒரு வாய் ஊட்டுங்கள். விடியலில் பிள்ளை சோர்ந்து, வியர்த்து, உளறினால், விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்; காலத்தோடு ஏற்றினால் பிழைக்க வழி உண்டு.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இதை மருந்தாக எண்ணி மோசம் போக வேண்டாம். சர்க்கரையைக் குறைப்பது வேறு, உடம்பின் வழியை அடைப்பது வேறு.

பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பழத்தோடு பசியும் சேர்ந்ததுதான் அந்தப் பிள்ளைகளைக் கொன்றது. ராத்திரி ஒரு பிடி சோறுதான் காவல்.