தமிழ்நாட்டில் இயற்கை எரிவாயுப் பயன்பாடும் கார்பன் உமிழ்வும்

இயற்கை எரிவாயு என்பது பெரும்பகுதி மீத்தேன் அடங்கிய புதைபடிவ எரிபொருள் ஆகும். தமிழ்நாட்டில் இது மின் உற்பத்தி, உரத் தயாரிப்பு, வாகனங்கள், வீட்டுச் சமையல் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. எந்த எரிபொருளுக்கு மாற்றாக வருகிறது என்பதைப் பொறுத்தே இதனால் கார்பன் உமிழ்வு குறையும் அளவு அமைகிறது.

கிடைக்கும் வழிகள்

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் எரிவாயுவைக் கொண்டு குத்தாலம், திருமக்கோட்டை, வழுதூர் ஆகிய இடங்களில் மின் நிலையங்கள் அமைக்கப்பட்டன. இறக்குமதிக்காக, எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் முனையம் 2019 மார்ச்சில் திறக்கப்பட்டது. இதன் திறன் ஆண்டுக்கு 50 லட்சம் டன். எரிவாயுவை −162 டிகிரி செல்சியசுக்குக் குளிர்வித்தால் அது திரவமாகி, கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. கப்பலில் வரும் இத்திரவம் முனையத்தில் மீண்டும் வாயுவாக்கப்பட்டுக் குழாய்களில் அனுப்பப்படுகிறது.

உமிழ்வு ஒப்பீடு

ஒரு கிகாஜூல் வெப்பம் பெறும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு (தோராயமாக):

நிலக்கரி – 95 கிலோ
நாப்தா – 73 கிலோ
சமையல் எரிவாயு (எல்.பி.ஜி.) – 63 கிலோ
இயற்கை எரிவாயு – 56 கிலோ

நிலக்கரிக்கு மாற்றாக வந்தால் ஏறத்தாழ 41 விழுக்காடு குறையும். மணலியிலுள்ள மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை 2019இல் நாப்தாவிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது. சிட்லபாக்கம் போன்ற புறநகர்ப் பகுதிகளின் சமையலறைகளில் சிலிண்டருக்குப் பதில் குழாய் எரிவாயு வந்தால், சிலிண்டருக்குக் காத்திருக்கும் சிரமம் தீரும். ஆனால் உமிழ்வு ஏறத்தாழ 11 விழுக்காடுதான் குறையும்.

வளர்ச்சியும் உமிழ்வும்

பொருளாதாரம் வளரும்போது எரிபொருள் தேவையும் கூடுகிறது. எடுத்துக்காட்டாக, 95 கிலோ உமிழ்ந்த ஓர் ஆலை எரிவாயுவுக்கு மாறினால் 56 கிலோ உமிழும். அதன் எரிபொருள் தேவை ஆண்டுக்கு 7 விழுக்காடு வளர்ந்தால், எட்டாம் ஆண்டில் உமிழ்வு மீண்டும் 95 கிலோவைத் தாண்டிவிடும்.

கசிவும் கணக்கில் சேர வேண்டியது. எரியாமல் கசியும் மீத்தேன், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் புவியை வெப்பமாக்கக்கூடியது.

இந்தியாவின் இலக்குகள்

நாட்டின் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 விழுக்காடாக உயர்த்துவதும், 2070க்குள் நிகர சுழிய உமிழ்வை எட்டுவதும் இந்திய அரசின் இலக்குகள். முதல் இலக்கில் கூடும் எரிவாயு, நிலக்கரியின் இடத்தைப் பிடிக்காமல் அதனுடன் சேர்ந்து எரிந்தால், இரண்டாம் இலக்கு தள்ளிப்போகும்.