லினக்ஸ் வரட்டும், பாமினிக் கோப்புகள் போகக்கூடாது

விண்டோஸ் 10-க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடைகளில் இப்போது லினக்ஸ் பேச்சு அடிபடுகிறது. பழைய மடிக்கணினிகளில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது. லினக்ஸ் மின்ட் என்றால் 4 ஜிபி ரேம் போதும், காசும் இல்லை. விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் போட்டு, இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

என் பயமெல்லாம் நிறுவும்போது வருகிற ஒரு திரையைப் பற்றியது. 'விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு' என்பதும் 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு' என்பதும் அங்கே ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரைப்செற்றிங் கடையில் கண்டது இது. "அண்ணை, டீ டிரைவிலை ஏதும் கிடக்கோ?" என்று கேட்டான் லினக்ஸ் போட வந்த பொடியன். "பழைய மலருகள்தான் தம்பி, அழிச்சுப்போட்டுப் போடு" என்றார் முதலாளி. நான் குறுக்கே விழுந்து மறித்தேன். திறந்து பார்த்தால் கல்வெட்டுகள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள். ஒரு சனசமூக நிலையத்தின் வெள்ளி விழா மலரும் இருந்தது. அதன் அச்சுப் பிரதி நிலையத்திலேயே இல்லையாம்.

இறந்தவர் நினைவாக அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற மலரைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. எந்தக் குறிச்சி, யார் பேரன், யார் எங்கே மணமுடித்தார் என்ற விபரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. 1981-இல் யாழ் நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது உறுதிகளும் படங்களும் வீடுகளோடு போயின. அதற்குப் பிறகு சேர்ந்ததையாவது நாங்களே அழிக்கலாமா?

அந்தக் கோப்புகளில் பெரும்பகுதி பக்க அமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் செய்யப்பட்டவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். பாமினி இல்லாத கணினியில் அந்தத் தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவைப் பிரதிபண்ணிவிட்டால் லினக்ஸிலும் வாசிக்கலாம். லிப்ரே ஒபிஸ் பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கப் பார்க்கும், ஆனால் படமும் பத்தியும் இடம் மாறக்கூடும். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினால் முடிந்தது என்பார்கள் சிலர். எழுத்து மாறும், பக்க அமைப்பு வராது. இதற்காகவே பழைய விண்டோஸ் அந்த டிஸ்க்கில் இருக்கவேண்டும், இணையத்தோடு தொடுக்காமல்.

இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' இயங்கினால் கணினி முழுதாக அணையாது. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைப் பார்க்கலாம், எழுத விடாது. பழுதென்று நினைத்து ஃபோர்மட் பண்ணிவிடாதீர்கள், அந்த வசதியை நிறுத்தினால் போதும். மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பிசகினாலும் பயமில்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் கணக்கில் எடுப்பதால் வருவது அது.

அச்சகக்காரரிடம் நான் கேட்பது இதுதான்: லினக்ஸ் போட முதல் டீ டிரைவை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதிபண்ணுங்கள். பேஜ்மேக்கர் இயங்கும்போதே ஒவ்வொரு மலரையும் பிடிஎஃப் ஆக்குங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் நினைவு மலர்களுக்கும் இடமுண்டு. குடும்பத்தாரிடமும் வெளியிட்டவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அங்கே அனுப்பலாம்.