வண்டியும் வரவில்லை, பதிலும் வரவில்லை

ஆலுவாவில் குடியிருந்து ஏலூருக்கும் களமசேரிக்கும் வேலைக்குப் போகும் தமிழருக்கு ஸ்கூட்டர் ஆடம்பரப் பொருளல்ல. இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் பஸ் கிடைப்பது அரிது. சீட்டுப் பணத்தையோ போனஸையோ முன்பணமாகக் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்கு ஷோரூமில் கிடைக்கும் பதில், "அடுத்த வாரம் பாருங்கள்" என்பதே!

காத்திருப்பது நமக்குப் புதிதா என்ன? 1970-களில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பெயர் பதிந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இத்தனை வண்டிகள்தான் தயாரிக்கலாம் என்று அரசு லைசென்சில் வரம்பு இருந்ததே காரணம். இன்று அந்த வரம்பு இல்லை. ஆனாலும் தாமதம் தொடர்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா எலக்ட்ரிக் கம்பெனி, 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே ஒரு லட்சம் பேர் பதிந்தனர். அக்டோபரில் வண்டி என்றார்கள். முதல் வண்டிகள் கைக்கு வந்தது டிசம்பர் 15-ல். உலகெங்கும் மின்னணு 'சிப்' தட்டுப்பாடு நிலவிய ஆண்டு அது. ஆகவே தாமதத்தை மன்னிக்கலாம். என்றைக்கு வரும் என்று சொல்லாமல் இழுத்தடிப்பதைத்தான் பொறுக்க முடிவதில்லை.

2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் அந்தக் கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்த புகார்கள் 10,644. அவற்றில் டெலிவரி தாமதம் பற்றியவை மட்டும் 1,899. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டதாகக் கம்பெனி பதில் கூறியது.

எந்தக் கம்பெனியானாலும், வெளிமாநிலத்தில் வேலை செய்யும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊரில், மதுரையிலோ நெல்லையிலோ பணம் கட்டியிருந்தாலும் வழக்குக்காக அங்கே ஓட வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ மனுச் செய்யலாம். ஆலுவாக்காரருக்கு எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.

அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். வாய்வார்த்தையை நம்பாமல், வண்டி தரும் தேதியை எழுதி வாங்குவது நல்லது. பணம் கட்டிய ரசீதும் ஏஜென்சி அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்திகளும் பத்திரமாக இருக்கட்டும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுத்துவிட வேண்டும்.