மட்டியின் தூய்மை கரையில் தொடங்குகிறது

வயலை விட்டு வந்து களப்புக் கரையில் குடியிருப்போருக்கு மட்டி, சிப்பி வளர்ப்பு இலகுவான தொழிலாகத் தோன்றலாம். உழவு இல்லை, பசளை இல்லை, தீன் போடவும் வேண்டியதில்லை. நீரிலுள்ள நுண்ணிய பாசியைத் தின்று அவை தாமாகவே வளரும். ஆனால் இத்தொழிலின் இலாபமும் ஆபத்தும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கின்றன.

நன்கு வளர்ந்த ஒரு சிப்பி, நல்ல சூழலில் நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேற்பட்ட நீரை வடிகட்டக்கூடியது. அந்நீரில் மலக்கழிவு கலந்தால் நோய்க்கிருமிகளும் அதன் உடலில் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. அதைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பவரே நோயுறுவார். பார்த்தோ மணந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அமெரிக்கா கற்ற பாடம்

1924ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூ யோர்க், சிக்காகோ, வாஷிங்டன் முதலிய நகரங்களில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. ஏறத்தாழ 1,500 பேர் நோயுற்றனர். சுமார் 150 பேர் மாண்டனர். அசுத்த நீரில் கிடந்த சிப்பிகளே காரணம் எனத் தெரிந்ததும் மக்கள் சிப்பி வாங்கவே அஞ்சினர். தூய நீரில் வளர்த்தவரும் சேர்ந்து நட்டப்பட்டனர்.

1925 பெப்ரவரி 19இல் சுகாதார அதிகாரிகளும் சிப்பித் தொழிலாளரும் ஒன்றுகூடினர். கட்டுப்பாடு வேண்டுமென்று தொழில் செய்வோரும் சேர்ந்தே கேட்டனர். வாங்குவோரின் நம்பிக்கையை மீட்க வேறு வழி இருக்கவில்லை. அதன்பின் பொறுப்புகள் பங்கிடப்பட்டன. மாநில அரசு நீரைச் சோதித்து, விற்பவருக்குச் சான்றிதழ் வழங்கும். மாநிலங்கள் ஒழுங்காகச் செய்கின்றனவா என மத்திய அரசு பார்க்கும். வளர்ப்பவர் அனுமதித்த இடத்தில் மட்டும் அறுவடை செய்து கணக்கு வைப்பார். 1982இல் இம்மூன்று தரப்பினரும் கூடி விதிகளைத் திருத்துவதற்கென நிலையான மாநாடு ஒன்றும் அமைக்கப்பட்டது.

நீரை எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஆய்வுகூடச் சோதனை மட்டும் போதாது. அதிகாரிகள் கரையோரமாகச் சென்று மலசலகூடக் குழிகள், வடிகால்கள், மாட்டுப்பட்டிகள் எல்லாவற்றையும் பதிகிறார்கள். நீர் மாதிரிகளும் எடுக்கப்படுகின்றன. 100 மில்லிலீற்றர் நீரில் மலம் சார்ந்த கோலிபோம் பற்றீரியா சராசரியாக 14க்கு மேற்படக்கூடாது. பெருமழை அழுக்கை அடித்துவரும் இடங்களில், மழைக்குப்பின் நீர் தெளியும்வரை அறுவடை நிறுத்தப்படும்.

ஒவ்வொரு பையிலும் அறுவடை செய்தவர், இடம், திகதி எழுதிய அட்டை தொங்கும். பை வெறுமையான பின்னும் கடைக்காரர் அதை 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எவராவது நோயுற்றால் அந்த அட்டையைக்கொண்டு உரிய இடத்தை மட்டும் மூடலாம். மற்றவர்களின் தொழில் தப்பும்.

இடத்தை மூடினால் போதுமா? அழுக்கு கரையிலிருந்து வருகிறது, நட்டம் வளர்ப்பவருக்கு. இதனால் வாஷிங்டன் மாநிலத்தில் 1992இல் சட்டம் திருத்தப்பட்டது. மாசினால் ஒரு வளர்ப்பிடத்தின் தரம் குறைக்கப்பட்டால், அதைச் சீராக்கும் திட்டத்தை உள்ளூராட்சி 180 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். குழி மலசலகூடமும் கால்நடைச் சாணமும் அத்திட்டத்தில் அடங்கும்.

அவித்தாலும் போகாத நஞ்சு

மலக்கழிவு இல்லாத நீரிலும் சில பாசிகள் நஞ்சை உண்டாக்கும். 1987இல் கனடாவின் இளவரசர் எட்வேட் தீவில் வளர்த்த மட்டியை உண்டு 100க்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; மூவர் இறந்தனர்; சிலர் ஞாபகசக்தியை இழந்தனர். மட்டியை அவித்தும் அந்த நஞ்சு அழியவில்லை. அதன்பின் மட்டிச் சதையிலும் அந்த நஞ்சைத் தேடிச் சோதிக்கும் முறை அங்கு வந்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

1. வளர்க்குமுன் கரை முழுவதும் நடந்து, அழுக்கு எங்கிருந்து இறங்குகிறதென்று பாருங்கள்.
2. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மீன்வளர்ப்பு அலுவலரிடமும் நீர்ச் சோதனை பற்றிக் கேளுங்கள்.
3. பெருமழைக்குப்பின் உடனே மட்டி எடுக்க வேண்டாம்.
4. எடுத்த இடத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள்.
5. நன்றாக அவித்தே உண்ணுங்கள். நீரின் நிறம் மாறியிருந்தால் அவித்தும் உண்ண வேண்டாம்.

கிணற்றருகே மலசலகூடக் குழி வெட்டக்கூடாதென்பது நாமறிந்ததே. களப்பும் ஊருக்குப் பொதுவான ஒரு கிணறுதான். அதைத் தனியொருவர் காக்க முடியாது. கரையில் குடியிருப்போரும் வளர்ப்போரும் அதிகாரிகளும் சேர்ந்தால் மட்டுமே முடியும்.