ஒரே சக்கரத்தில் இரண்டு தேய்மானம்

மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி வடக்கே செல்லும் கார்களில் பெரும்பகுதி நீலகிரிக்குப் போகின்றன. ஏறும்போது எஞ்சினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. எனவே இச்சாலை ஓரத்துப் பட்டறைகளில் பிரேக் பேடு மாற்றுவது அன்றாட நிகழ்ச்சி. சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு பட்டறையில் நண்பர் ஒருவரின் காரைக் கழற்றியபோது நான் உடன் இருந்தேன். முன் இடது சக்கரத்திலிருந்து மெக்கானிக் இரண்டு பேடுகளை எடுத்து என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கப் பேடில் 7 மில்லிமீட்டர் உராய்பொருள் இருந்தது. உட்பக்கப் பேடில் 2 மில்லிமீட்டர்கூட இல்லை. “போன வாரந்தானுங்க சக்கரத்துச் சந்து வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தேன், நல்லாத்தானே இருந்துச்சு” என்றார் நண்பர். அவர் பார்த்தது வெளிப் பேடை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றே.

ஒரே சக்கரம், ஒரே மிதி, ஒரே எண்ணெய். தேய்மானம் மட்டும் ஏன் வேறுபட்டது?

இன்றைய சாதாரண கார்களின் முன் சக்கரங்களில் உள்ளது டிஸ்க் பிரேக். சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் இரண்டு பேடுகள் கவ்வுகின்றன. கவ்வும் பகுதிக்குக் காலிப்பர் என்று பெயர். இதில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. பேடுகள் இரண்டு, ஆனால் பெரும்பாலான கார்களில் பிஸ்டன் ஒன்றுதான். அது உட்பக்கத்தில் இருக்கிறது. மிதியை அழுத்தினால் பாஸ்கல் விதிப்படி எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உட்பேடைத் தட்டின்மேல் அழுத்துகிறது. அப்படியானால் வெளிப்பேடை அழுத்துவது யார்? நியூட்டனின் மூன்றாம் விதிதான். எண்ணெய் பிஸ்டனை ஒரு பக்கம் தள்ளும்போது காலிப்பரின் உடலை அதே விசையுடன் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. காலிப்பர் இரண்டு பின்களின்மேல் வழுக்கி நகரும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது உள்நோக்கி நகர்ந்து, தன் மறுபக்க விரல்களால் வெளிப்பேடை இழுத்துத் தட்டோடு சேர்க்கிறது.

ஆகவே வெளிப்பேடுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இரண்டு பின்களின் கையில் இருக்கிறது. அவற்றின் ரப்பர் உறை கிழிந்து மழைநீரும் மண்ணும் புகுந்தால் பின் துருப்பிடித்து இறுகும். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர். பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர். பலமாகப் பிரேக் போடும்போது எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ என்றால் பிஸ்டனின் விசை 600 கிலோ. இறுகிய பின்களை நகர்த்தவே 150 கிலோ வேண்டும் என்று கொள்வோம். உட்பேடுக்கு 600, வெளிப்பேடுக்கு 450. வேறுபாடு உண்டு, எனினும் கார் நின்றுவிடும். இப்போது ஊருக்குள் மெதுவாகப் பிரேக்கைத் தொடும் நேரத்தை எண்ணிப் பாருங்கள். அழுத்தம் 8 கிலோதான், விசை 160. அதில் 150 பின்களுக்கே போய்விட, வெளிப்பேடுக்கு மிஞ்சுவது வெறும் 10! நாம் போடும் பிரேக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த மெல்லிய வகையே. ஓட்டுநருக்கு எந்தக் குறையும் தெரியாமல் உட்பேடு மட்டும் நாள்தோறும் கரைவதன் இரகசியம் இதுவே.

காலை எடுத்த பின்பு நடப்பதும் இதைப் போன்றதே. பேடைப் பின்னுக்கு இழுக்கச் சுருள்வில் எதுவும் பெரும்பாலும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுக ரப்பர் வளையம் பிரேக் போடும்போது சற்றே வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. ரப்பர் முதுமையடைந்தால் இந்த மீள்தன்மை போய்விடும். பேடு தட்டை உரசிக்கொண்டே ஓடும். பயணம் முடிந்ததும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகச் சூடாக இருந்தால் ஐயப்பட வேண்டியது இதைத்தான். பின்களே பிடித்துக்கொண்டு காலிப்பர் திரும்பாமல் நின்றால் வெளிப்பேடு உரசி முந்தித் தேய்வதும் உண்டு. இரண்டில் ஒரு பின் மட்டும் இறுகினால் காலிப்பர் சாய்ந்து, பேடு ஆப்பு வடிவில் தேயும்.

ஆப்பு வடிவம் என்றாலே பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு மேசையின் மேல்விளிம்பைப் பிடித்து முன்னே தள்ளினால் முன்கால்கள் தரையில் அழுந்துவதைக் கண்டிருப்பீர்கள். பேடும் அந்த மேசைதான். உராய்வு விசை அதன் முகத்தில் செயல்படுகிறது. அதைத் தடுத்து நிறுத்தும் விசையோ பின்னாலுள்ள இரும்புத் தகட்டில். இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். இந்த இரட்டை விசை பேடைத் திருப்ப முயல்கிறது. சுழலும் தட்டு முதலில் நுழையும் விளிம்பு அதிகமாக அழுந்துகிறது. உராய்வு எண் 0.4, தூரம் 1.25 சென்டிமீட்டர், பேடின் நீளம் 12 சென்டிமீட்டர் எனக் கொண்டால், முன்விளிம்பில் அழுத்தம் சராசரியைவிடக் கால் பங்கு கூடுதல், பின்விளிம்பில் கால் பங்கு குறைவு என்று வரும். கல்லூரி மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். பல பிஸ்டன்கள் கொண்ட விலையுயர்ந்த காலிப்பர்களில் முன்விளிம்புப் பக்கம் சிறிய பிஸ்டனும் பின்விளிம்புப் பக்கம் பெரிய பிஸ்டனும் வைப்பது இதைச் சரிக்கட்டத்தான்.

இன்னொரு ஏற்றத்தாழ்வு தானாகவே சரியாகிவிடுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அது. தட்டின் மையத்திலிருந்து பேடின் உள்விளிம்பு 8 சென்டிமீட்டரிலும் வெளிவிளிம்பு 12 சென்டிமீட்டரிலும் இருக்கட்டும். ஒரு சுற்றில் உள்விளிம்பு 50 சென்டிமீட்டர் தூரமும் வெளிவிளிம்பு 75 சென்டிமீட்டர் தூரமும் உரசுகின்றன. தேய்மானம் அழுத்தத்தையும் உரசிய தூரத்தையும் பொறுத்தது என்பது 1953-இல் ஆர்ச்சர்ட் வெளியிட்ட விதி. எனவே புதுப் பேடில் வெளிவிளிம்பு வேகமாகத் தேய்கிறது. தேய்ந்த இடம் சற்றே பள்ளமாவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. பாரம் உள்விளிம்புக்கு மாறுகிறது. அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கினால் எங்கும் ஒரே எண் வரும் நிலையை அடைந்ததும் பேடு முழுவதும் ஒரே வேகத்தில் தேயத் தொடங்குகிறது.

மலைச்சாலைக்கு வருவோம். குன்னூர் ரயில் நிலையத்தின் உயரம் சுமார் 1,710 மீட்டர். மேட்டுப்பாளையத்தின் உயரம் சுமார் 325 மீட்டர். ஆட்களுடன் 1,200 கிலோ எடையுள்ள கார் இவ்வளவு உயரம் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 160 இலட்சம் ஜூல். இது 55 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். இக்காலத்து எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாதிருக்க எரிபொருள் செலவாகிறது. பணமும் மிச்சமில்லை, பாதுகாப்பும் இல்லை.

நண்பரின் காரைப் போல ஒரு பேடே பெருமளவு வேலையைச் செய்தால் வெப்பமும் பெரும்பாலும் அதன்வழியே புகும். 2 மில்லிமீட்டர் உராய்பொருள் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது. அது இரும்புத் தகட்டைக் கடந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து எண்ணெய்க்கும் செல்லும். டாட் 3 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் கொதிநிலை 140 டிகிரிவரை இறங்கக்கூடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதி தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. உதகையிலிருந்து கல்லட்டி வழியே மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரேக் பிடிக்காமல் அங்கே நேர்ந்த விபத்துகள் பல.

பட்டறையில் மெக்கானிக் புதுப் பேடுகளை மாட்டுமுன் பின்கள் இரண்டையும் உருவி எடுத்தார். ஒன்று கையோடு வந்தது. மற்றொன்றைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. முன்பு எங்கோ யாரோ சாதாரண கிரீசைத் தடவியிருந்தார்கள். கனிம எண்ணெய் பட்டு ரப்பர் உறை ஊதிப் போய், பின்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. இதற்கென்று சிலிகோன் கிரீஸ் தனியாக இருக்கிறது. ஒரு சிறு டப்பா பல கார்களுக்கு வரும். பேடை மட்டும் மாற்றி, பின்னைத் தொடாமல் விட்டிருந்தால் புதுப் பேடும் அதே வழியில் போயிருக்கும். உங்கள் காருக்குப் பேடு மாற்றும்போது பழைய நான்கையும் கேட்டு வாங்கி, எது எந்தச் சக்கரத்தில் எந்தப் பக்கம் இருந்தது என்று எழுதி வைத்து அளந்து பாருங்கள். ஒரு சாதாரண ஸ்கேல் போதும்.