செப்புப் பெப்டைட்: முகத்துக்குப் பூசலாம், புண்ணுக்குப் பூசலாமா?



மெல்பேர்ணில் நடந்த எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில், தேநீர் நேரத்தில் ஓர் அம்மா எம்மிடம் வந்து கைப்பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்துக் காட்டினார். உள்ளே மெல்லிய நீல நிறத்தில் ஒரு திரவம்.

"மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தவள். முகச் சுருக்கத்துக்குப் பூசுறது. காயமும் ஆறும் எண்டு பெட்டியில போட்டிருக்கு. அதுதான் கால்விரலில இருக்கிற சின்னப் புண்ணுக்கும் ரெண்டு கிழமையாப் பூசுறன். இன்னும் ஆறேல்லை. கூடப் பூச வேணுமோ?" என்று கேட்டார்.

அவருக்குப் பன்னிரண்டு வருடங்களாகச் சலரோகம், அதாவது நீரிழிவு. எம்மோடு இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் காலுறையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். செருப்பு வார் உரசி வந்த புண். சுற்றிவரச் சிவந்து வீங்கியிருந்தது. "நோகுதா அம்மா?" என்று கேட்டபோது, "இல்லைப் பிள்ளை, நோவே இல்லை" என்றார். அந்தப் பதில்தான் எம்மைப் பயமுறுத்தியது.

மறுநாளே குடும்ப வைத்தியரிடம் போனார். அங்கிருந்து வைத்தியசாலையின் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். கிருமி எலும்புவரை போயிருந்தது. ஆறு வாரம் அன்ரிபயோட்டிக் மருந்து எடுத்தார். விரல் தப்பியது. ஆனால் புண் முழுதாக ஆற நாலு மாதம் பிடித்தது. "மற்றச் சனத்துக்கும் சொல்லுங்கோ" என்று அவரே கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறோம்.

அந்த நீலத் திரவம் என்ன?

பெப்டைட் என்பது புரதத்தின் ஒரு சிறு துண்டு. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு பெப்டைட்டை அமெரிக்க விஞ்ஞானி லோரன் பிக்கார்ட் 1973இல் மனித இரத்தத்தில் கண்டுபிடித்தார். இது செப்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்ததே செப்புப் பெப்டைட். நீல நிறம் செப்பினால் வருவது. இந்தப் பெப்டைட் எமது இரத்தத்தில் இயற்கையாகவே இருக்கிறது. வயது கூடும்போது குறைகிறது.

செப்புக்கும் தோலுக்கும் உண்மையான தொடர்பு உண்டு. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்ரின். இந்த இரண்டின் இழைகளையும் ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி வேலை செய்யச் செப்புத் தேவை. ஆய்வுகூடத்தில் தோல் உயிரணுக்களுக்குச் செப்புப் பெப்டைட் கொடுத்தபோது அவை அதிகக் கொலாஜன் உற்பத்தி செய்தன. எனவே இது வெறும் ஏமாற்று வித்தை அல்ல. ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது வேறு, உயிருள்ள மனிதரின் தோலில் நடப்பது வேறு.

முகத்துக்கு எவ்வளவு பலன்?

தோலின் மேற்படை வெளிப்பொருட்களைத் தடுப்பதற்கென்றே அமைந்தது. நீரில் கரையும் இந்தப் பெப்டைட்டில் மிகச் சிறிய பங்குதான் அதைத் தாண்டி உள்ளே போகும். சில சிறிய ஆய்வுகளில் மெல்லிய சுருக்கங்கள் சற்றுக் குறைந்ததாகவும் தோல் மிருதுவானதாகவும் கண்டார்கள். ஆனால் அவற்றில் பல, குறைந்த எண்ணிக்கையானோரிடம் சில மாதங்களே நடந்தவை.

2006இல் வெளியான ஓர் ஆய்வில், லேசர் சிகிச்சை செய்த 13 பேரின் முகத்தில் இதைச் சோதித்தார்கள். பூசியவர்களுக்குக் கூடுதல் திருப்தி இருந்தது. ஆனால் சிவப்பு மாறுவதிலோ சுருக்கத்திலோ அளந்து காட்டக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், பூசினால் சிறு பலன் கிடைக்கலாம். பத்து வயது குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காயத்துக்கு?

விளம்பரங்கள் அதிகம் பேசுவதும் நாம் அதிகம் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். எலி, முயல் போன்ற விலங்குகளில் காயம் விரைவாக ஆறியது உண்மை. மனிதரிடம் அதே பலன் உறுதியாகவில்லை. 1992இல் வெளியான ஓர் ஆய்வில், நாளங்களில் இரத்தம் தேங்குவதால் காலில் வரும் நாட்பட்ட புண்களுக்குச் செப்புப் பெப்டைட் களிம்பைப் பூசிப் பார்த்தார்கள். மருந்தில்லாத வெறும் களிம்பை விட அது மேலானதாக இருக்கவில்லை. 1994இல் சலரோகப் புண்களில் நல்ல பலன் தெரிந்ததாக ஓர் ஆய்வு வந்தது. அது நம்பிக்கை தந்தாலும், சலரோகப் புண்ணைக் குணமாக்கும் மருந்தாக இது அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெறவில்லை, அவுஸ்திரேலியாவிலும் பெறவில்லை.

இன்னுமொன்று. முகத்துக்கென்று விற்கும் போத்தல் கிருமி நீக்கிய மருந்து அல்ல. அதில் வாசனைப் பொருட்களும் பழுதாகாமல் காக்கும் இரசாயனங்களும் இருக்கலாம். அதைத் திறந்த புண்ணில் விடுவது சரியல்ல. பெப்டைட் ஊசிகளை இணையத்தில் வாங்கித் தாமே போட்டுக்கொள்வோரும் இப்போது இருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செம்புக் குடத்துத் தண்ணீரால் புண்ணைக் கழுவலாமா என்றும் சிலர் கேட்டார்கள். வேண்டாம். சுத்தமான குழாய்த் தண்ணீர் அல்லது பாமசியில் விற்கும் சேலைன் போதும்.

சலரோகக் காலில் புண் ஏன் ஆறுவதில்லை?

சர்க்கரை பல வருடங்கள் கூடியிருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும். நோவு தெரியாததால் புண்ணின் மேலேயே நடப்போம். இரத்தக் குழாய்களும் ஒடுங்குவதால் புண் ஆறத் தேவையான இரத்தம் போதிய அளவு வராது. சர்க்கரை கூடிய உடலில் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறையும். இந்த மூன்றையும் எந்தப் பூச்சும் மாற்றாது. புண்ணில் அழுத்தம் விழாமல் பார்ப்பது, இறந்த தசையை அகற்றுவது, கிருமிக்கு மருந்து கொடுப்பது, இரத்த ஓட்டத்தைச் சோதிப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது ஆகியவையே சிகிச்சை.

எம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குச் சலரோகம் மற்றவர்களை விட இளவயதிலும், உடல் பருமன் அதிகம் இல்லாதபோதும் வருகிறது. நாம் வீட்டில் வெறுங்காலோடு நடப்பவர்கள். கோடையில் கோயில் வெளிவீதியின் சுடுதரையில் நடப்போம். குளிர் காலத்தில் ஹீற்றருக்கு முன்னால் காலை நீட்டுவோம். மரத்த கால் சுட்டாலும் தெரியாது.

ஆகவே சலரோகம் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு நாளும் இரவில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைக் கீழே வையுங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2. சிறு புண் வந்தாலும் கழுவி, சுத்தமான துணியால் மூடி, அன்றே அல்லது மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள். "இரண்டு கிழமை பார்ப்போம்" என்பது வேண்டாம்.

3. சிவப்புப் பரவுதல், வீக்கம், சீழ், நாற்றம், கறுத்தல், காய்ச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

4. குடும்ப வைத்தியர் நாட்பட்ட நோய்க்கான பராமரிப்புத் திட்டம் எழுதித் தந்தால், பாத வைத்தியர் உட்படத் துணை மருத்துவ சேவைகளை ஆண்டுக்கு மொத்தம் 5 தடவை வரை மெடிகெயர் உதவியோடு பெறலாம். கேட்டு வாங்குங்கள்.

5. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450.

முகத்துக்குப் பாவிக்க விரும்பினால்

தாராளமாகப் பாவிக்கலாம். முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு இல்லாவிட்டால் முகத்துக்குப் பூசுங்கள். அமிலத்தன்மையுள்ள விற்றமின் சி திரவத்தோடு ஒரே நேரத்தில் பூச வேண்டாம். செப்பு விற்றமின் சியைக் கெடுத்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் பூசலாம். வெடிப்பு, சிரங்கு, திறந்த காயம் உள்ள இடத்தைத் தவிருங்கள்.

புண்ணைக் குணமாக்கும் என்று சொல்லி இந்த நாட்டில் விற்கும் பொருள் மருந்துக் கட்டுப்பாட்டு விதிகளுக்குள் வரும். அப்படிப்பட்ட மருந்தின் பெட்டியில் 'ஆஸ்ட் எல்' அல்லது 'ஆஸ்ட் ஆர்' என்று தொடங்கும் பதிவு இலக்கம் இருக்கும். அது இல்லாவிட்டால் முகப்பூச்சு என்ற அளவில் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தோல் முதிர்வதைத் தள்ளிப்போட இதைவிட நன்றாக நிரூபணமான வழி ஒன்று உண்டு, மலிவானதும்கூட. குயின்ஸ்லாந்தின் நம்பூர் நகரில் 903 பேரிடம் நாலரை வருடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சூரியத் தடுப்புக் களிம்பு பூசியவர்களின் தோல், விரும்பியபோது மட்டும் பூசியவர்களின் தோலை விட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. எமது தோலுக்கு வெய்யில் ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். எமக்குச் சுருக்கத்துக்கு முன்னரே கரும்புள்ளியும் நிற வேறுபாடும் வரும். புறஊதாச் சுட்டெண் 3 அல்லது அதற்கு மேல் உள்ள நாட்களில் களிம்பும் தொப்பியும் தேவை. கருமையான தோல் உள்ளவர்களுக்கு விற்றமின் டி குறைய வாய்ப்பிருப்பதால், அதைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

அந்த அம்மா இப்போதும் நீலத் திரவத்தை முகத்துக்குப் பூசுகிறார். மகள் அன்போடு வாங்கித் தந்ததல்லவா? ஆனால் இரவில் மகள் தாயின் காலையும் பார்க்கிறாள். உங்கள் வீட்டிலும் சலரோகம் உள்ள அம்மாவோ அப்பாவோ இருந்தால், இன்று இரவே அவர்களின் காலை ஒருமுறை பாருங்கள்.